செக்ரோல் இருந்த எக்ஸ்டியும் மூன்றரை அங்குல டிரைவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கம்பளியில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டி, திரீவீலின் பின் இருக்கையில் நோயாளியைச் சாய்த்துவைப்பதுபோல வைத்துத்தான் கிளாக்கரய்யா அந்தக் கம்பியூட்டரைக் கொண்டுவந்தார். ஒக்டோபர் மாதம். இலங்கை மலையகத்து ஹட்டனில் அந்த மாதம் பிற்பகல் ஆனால் இடியும் மழையும் சொல்லிவைத்தாற்போல் வந்துவிடும். இறக்கிக் கடைக்குள் கொண்டுபோவதற்குள் கம்பளி நனைந்துவிட்டது. பெட்டி தப்பித்தது.

“தம்பி, இது ஓடும். ஓடுறதுல ஒரு கொறையும் இல்ல. உள்ள இருக்கிறத வெளிய எடுத்துக் குடுக்கணும், அவ்வளவுதான்.”

அந்த ‘அவ்வளவுதான்’ 11 நாள் எடுத்தது. வேலை என்று பார்த்தால் ஒரு 3.5 அங்குல பிளொப்பி டிரைவை எக்ஸ்டி என்று சொல்லும் எண்பதுகளின் ஐபிஎம் பிசி வகைப் பழைய கம்பியூட்டரில் அடாப்டர் கேபிள் போட்டு மாட்டுவதுதான். ஒரு டிரைவ் புகைந்தது, ஒரு அடாப்டரை இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது. இரண்டும் என் கைத் தவறுகள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

உள்ளே இருந்தது என்ன?

கிளாக்கரய்யா ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபிஸில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் தனியார் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, அவருடைய ஆபிஸில் செக்ரோலைக் கம்பியூட்டரில் ஏற்றினார்கள். செக்ரோல் என்றால் தோட்டத்தில் யார் எந்த நாள் வேலைக்கு வந்தார், அவருக்கு முழுப் பேரா அரைப் பேரா என்று பதியும் பதிவு. மலையில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். பிறகு ஆபிஸில் புதிய கம்பியூட்டர் வந்ததும் பழையதைக் கழித்துவிட, இவர் வாங்கிவந்து வீட்டில் வைத்துக்கொண்டார். ஹார்ட் டிஸ்கை யாரும் துடைக்கவில்லை. 1993, 94, 95 மூன்று வருடச் செக்ரோல் அப்படியே உள்ளே இருந்தது.

இப்போது அது ஏன் தேவைப்பட்டது என்றால், அதே தோட்டத்தில் கொழுந்து பறித்த ஒரு அம்மாவுக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பதிவில் இன்னொரு பெயர். மலையகத்தில் இது வீட்டுக்கு வீடு உள்ள கதை. செக்ரோல் இலக்கமும் ஈபிஎஃப் இலக்கமும் பெயரும் ஒரே வரியில் இருக்கிற பழைய பதிவைக் காட்டினால் கடிதம் எழுத ஒரு பிடி கிடைக்கும் என்று கிளாக்கரய்யா நினைத்தார். அந்த அம்மாவின் வரிகள் மட்டும்தான் வேண்டும், மற்றவர்களுடையதை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

பெட்டியைத் திறந்தால் வழக்கமான காட்சிதான்: தூசி, இரண்டு பல்லி முட்டை ஓடு, துருப்பிடித்த ஆணி. தாய்வான் தயாரிப்பு எக்ஸ்டி. 8088 புரொசெசர், 640 கிலோபைட் நினைவகம், 20 மெகாபைட் ஹார்ட் டிஸ்க், மஞ்சள் எழுத்துத் திரை. 5.25 அங்குல 360 கே டிரைவ் ஒன்று, பக்கத்தில் வெற்று மூடி. இயங்குதளம் எம்எஸ்-டாஸ் 3.3. ஹார்ட் டிஸ்குக்கு ஒரு குணம் உண்டு: காலைக் குளிரில் உடனே வாசிக்காது. அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டால் வழிக்கு வரும். வாசிக்கும் தலையை நகர்த்த, அடியடியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டார் வைத்த அந்தக் கால டிஸ்குகளில் வெப்பநிலையோடு தலையும் தடமும் சற்று விலகிப்போகும். ஹட்டன் காலை அதற்குத் தோதானதல்ல.

சுற்றுவழிகள் எல்லாம் அடைபட்டிருந்தன

பழைய 5.25 டிரைவிலேயே பிரதி எடுக்கலாமே என்றால், எடுத்த டிஸ்கை எங்கே போட்டு வாசிப்பது? என் கடையில் மட்டுமல்ல, நான் விசாரித்த எவரிடமும் 5.25 டிரைவ் இல்லை. கிளாக்கரய்யா பிஸ்கட் டின்னில் வைத்திருந்த பழைய டிஸ்குகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலை தொடும் அந்த நீள்வட்ட ஜன்னலுக்குள் வெள்ளை நூல்போலப் பூஞ்சணம். இதை ஒரு டிரைவில் போட்டால் டிரைவின் தலைக்கும் ஒட்டும். டின்னை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி அடாப்டரில் மாட்டலாமா என்று கடையில் வேலை பழகும் பையன் கேட்டான். முடியாது. அந்த அடாப்டர்கள் ஐடிஇ, சாட்டா போன்ற பிற்கால வகை டிஸ்குகளுக்கானவை. இது அவற்றுக்கு முந்திய எம்எஃப்எம் டிஸ்க்: 34 கம்பி ஒன்று, 20 கம்பி ஒன்று என்று இரண்டு கேபிள், அதை இயக்குவதற்கென்று தனியாக ஒரு கன்ட்ரோலர் அட்டை. இன்றைய கம்பியூட்டருக்கு இது அந்நிய மொழி.

யூஎஸ்பி பிளொப்பி டிரைவ்? இன்னும் புதிதாக விற்பனையில் இருப்பது அதுதான். ஆனால் அது தன் கன்ட்ரோலரைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கிறது. எக்ஸ்டியின் கன்ட்ரோலரோடு பேச அதற்கு வாயில்லை.

சீரியல் போர்ட் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது. இரண்டு கம்பியூட்டரை நேரே இணைக்கும் ‘நல் மோடம்’ (null modem) கேபிள் ஒன்றைப் போட்டு ஒரு பிற்பகலில் முடித்திருப்பேன். அந்தப் பெட்டியில் இருந்தது பிரிண்டர் அட்டை மட்டும்தான்.

சரி, எக்ஸ்டியிலேயே ஒரு 3.5 அங்குல டிரைவை மாட்டி, அதில் எழுதி, பக்கத்து மேசையில் இருக்கும் விண்டோஸ் 98 பென்டியம் 3இல் வாசிப்போம் என்று முடிவெடுத்தேன். பழைய பென்டியம்களில் இருந்து கழற்றிய 1.44 மெகாபைட் டிரைவ் என்னிடம் நாலைந்து கிடந்தன. ‘புதிய’ டிரைவ் என்று நான் சொல்வது இவற்றைத்தான். எக்ஸ்டியின் கண்ணில் இவை புதியவை.

34 கம்பி

பிளொப்பி கேபிளின் 34 கம்பி ஒழுங்கு 1970களின் ஷுகார்ட் நிறுவன டிரைவுகளில் இருந்து வருகிறது. அவர்களுடைய எஸ்ஏ400 என்ற 5.25 அங்குல டிரைவ் 1976இல் வந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களில் பெரும்பாலானோர் அதே ஒழுங்கையே பிடித்துக்கொண்டார்கள். ஒற்றைப்படை எண் கம்பிகள் எல்லாம் கிரவுண்ட், அதாவது பூச்சிய வோல்ட். இரட்டைப்படைக் கம்பிகளில்தான் பேச்சு: 18இல் தலை போகும் திசை, 20இல் ஒவ்வொரு அடி, 22இல் எழுதும் தரவு, 24இல் ‘எழுது’ என்ற அனுமதி, 30இல் வாசித்த தரவு, 32இல் எந்தப் பக்கம் என்பது. கட்டளைக் கம்பிகளில் மின்னழுத்தம் கீழே இறங்கினால்தான் கட்டளை. இந்த ஒரு விடயத்தை மறக்க வேண்டாம், பின்னால் வருகிறது.

சண்டை 10 முதல் 16 வரையான கம்பிகளில்தான். ஷுகார்ட் முறையில் 10, 12, 14 என்பவை முதல், இரண்டாம், மூன்றாம் டிரைவைக் கூப்பிடும் கம்பிகள், 16 மோட்டாருக்கு. ஐபிஎம் இதை மாற்றியது. அவர்களுடைய பிசியில் 10 ஏ டிரைவின் மோட்டார், 12 பி டிரைவைக் கூப்பிட, 14 ஏ டிரைவைக் கூப்பிட, 16 பி டிரைவின் மோட்டார். எல்லா டிரைவையும் ‘நான் இரண்டாம் டிரைவ்’ என்றே அமைத்துவிட்டு, கேபிளின் கடைசிப் பகுதியில் 10 முதல் 16 வரையான ஏழு கம்பியை மட்டும் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இரண்டு காம்பராவுக்கும் (அறைக்கும்) ஒரே இலக்கம் எழுதிவைத்து, தபால்காரருக்கு மட்டும் ஒரு காம்பராவுக்குப் பின்வாசல் வழியாகப் போகச் சொன்ன மாதிரி. முறுக்குக்கு அப்பால் இருப்பது ஏ, இப்பால் இருப்பது பி.

அது எனக்கு வசதியாகவே போயிற்று. பிற்கால 1.44 டிரைவுகளில் இலக்கம் மாற்றும் ஜம்பர் என்ற குட்டி இணைப்பே கிடையாது. ‘இரண்டாம் டிரைவ்’ என்று ஆலையிலேயே நிலைப்படுத்திவிட்டார்கள். ஆகவே முறுக்குக்கு இப்பால் உள்ள நடு இணைப்பில் மாட்டினால் அது தானாகவே பி ஆகிவிடும். பழைய டிரைவைக் கழற்றாமல் ஏ இடத்திலேயே விட்டேன். கேபிளின் கடைசியில் சமிக்ஞை எதிரொலிக்காமல் தாங்கும் 150 ஓம் டெர்மினேட்டர் அதில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எம்எஃப்எம் ஹார்ட் டிஸ்கின் அகலக் கேபிளும் 34 கம்பிதான், அதிலும் ஒரு முறுக்கு இருக்கும். ஆனால் அது 25 முதல் 29 வரையான கம்பிகளில். இரண்டு கேபிளும் ஒரே பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் கிடக்கும்போது மாற்றி மாட்டிவிட வாய்ப்பு உண்டு. நான் பிளொப்பிக் கேபிளில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டுத்தான் கை வைத்தேன்.

முதல் தவறு: மின்சாரம்

எக்ஸ்டியின் பவர் சப்ளையில் இருந்து வருவது பெரிய மோலெக்ஸ் பிளக். 3.5 டிரைவ் கேட்பது சின்ன பெர்க் பிளக். இரண்டிலும் நான்கு கம்பி, இரண்டிலும் நடு இரண்டும் கிரவுண்ட். ஓரங்கள்தான் வேறு. பெரிய பிளக்கின் 1ஆம் இடத்தில் 12 வோல்ட், சின்ன பிளக்கின் 1ஆம் இடத்தில் 5 வோல்ட்.

இதை நான் அறியாதவனல்ல. ஆனால் அன்று மாலை கரண்ட் போய்விட்டது. எமர்ஜென்சி லைட்டில் உட்கார்ந்து, ஒரு செத்த பவர் சப்ளையில் இருந்து வெட்டிய சின்ன பிளக்கையும் ஒரு பெரிய பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலாவதை முதலாவதோடு, நாலாவதை நாலாவதோடு ஒட்டினேன். தூசி படிந்து பழுப்பேறிய கம்பிகளில் எது மஞ்சள் எது சிவப்பு என்று பார்க்கவே இல்லை. கரண்ட் வந்ததும் ஆசையில் சுவிட்சைப் போட்டேன். ‘டிக்’ என்று சின்னச் சத்தம். அப்புறம் அந்த வாசனை. எலக்ட்ரோனிக்ஸ் வேலை செய்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டிரைவின் அடிப்பலகையில் இருந்த பெரிய ஐசியின் நடுவில் பொட்டு வைத்தாற்போல் ஒரு கொப்புளம்.

12 வோல்ட் 5 வோல்ட்டின் வாசலுக்குள் போய்விட்டது. நல்ல வேளையாக எக்ஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது டிரைவுக்கு சிவப்பு ஒன்று, கருப்பு ஒன்று என்று இரண்டே கம்பி கொடுத்தேன். பிற்கால 3.5 டிரைவுகளில் பல வெறும் 5 வோல்ட்டிலேயே ஓடும். டிரைவின் லேபிளில் 5 வோல்ட் மட்டும் அச்சிட்டிருந்தால் மஞ்சள் கம்பி தேவையே இல்லை. டிரைவில் சொருகும் முன் மல்ட்டிமீட்டர் வைத்து அளந்தேன். முதல் நாளே அளந்திருந்தால் அரை நிமிட வேலை.

இரண்டாவது தவறு: அடாப்டர்

எக்ஸ்டி கேபிளின் இணைப்புகளில் இருப்பது 5.25 டிரைவுக்கான நீளவாய். டிரைவின் பலகை ஓரத்தையே நாக்குப்போல உள்ளே நுழைக்க வேண்டும். 3.5 டிரைவில் இருப்பதோ இரு வரிசையாக நிற்கும் 34 ஊசி. இடையில் ஒரு சின்ன பச்சைப் பலகை வேண்டும்: ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் ஊசி. எண்பதுகளின் கடைசியில் 3.5 டிரைவை 5.25 குழிக்குள் பொருத்தும் கிட்டோடு இந்தப் பலகையும் வரும். இன்று இணையத்தில் வெற்றுப் பலகை ஒன்று, ஊசி வரிசை தனியாக என்று வாங்கலாம். நான் வாங்கியது அப்படி. ஊசிகளை நானே ஈயம் வைத்து ஒட்டினேன். அங்கிருந்து ஒரு குட்டி ரிப்பன் கேபிள் டிரைவுக்குப் போயிற்று.

மாட்டி சுவிட்சைப் போட்டேன். டிரைவின் பச்சை விளக்கு எரிந்தது. எரிந்தபடியே இருந்தது. மோட்டாரும் நிற்காமல் சுற்றியது. இது எல்லாருக்கும் தெரிந்த நோய்: கேபிள் தலைகீழ். தலைகீழானால் கிரவுண்ட் கம்பிகள் கட்டளைக் கம்பிகளின் இடத்துக்கு வந்துவிடும். அழுத்தம் கீழே இறங்கினால் கட்டளை என்று சொன்னேன் அல்லவா, ஆகவே எல்லாக் கட்டளையும் ஒரே நேரத்தில் கொடுத்ததாகிவிடும்: நீதான், சுற்று, எழுது. அந்த ‘எழுது’தான் பயங்கரம். அந்த நிலையில் உள்ளே டிஸ்க் இருந்தால் தலைக்குக் கீழே இருக்கும் தடம் அழிந்துபோகலாம். விளக்கு சரியாக அணைந்து எரியும் வரை உள்ளே டிஸ்க் போடவே கூடாது.

குட்டிக் கேபிளைத் திருப்பி மாட்டினேன். இப்போது விளக்கே எரியவில்லை. மோட்டார் அசையவில்லை. ஊமை. மறுபடி திருப்பினால் நிற்காத விளக்கு. மறுபடி திருப்பினால் ஊமை. இந்த டிரைவும் செத்துப்போயிற்று என்று நினைத்து மூன்றாவது டிரைவை எடுத்தேன். அதுவும் அச்சாக அப்படியே செய்தது. அங்கேதான் நின்றேன். இரண்டு டிரைவ் ஒரே மாதிரி சாகாது.

மல்ட்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்துக்கொண்டு, ஒரு முனையை நாக்கிலும் மறுமுனையை டிரைவுக்குப் போகும் பிளக்கிலும் வைத்து ஒவ்வொன்றாகத் தேடினேன். பையன் எண்களை எழுதிக்கொண்டான். ஊமையாக இருந்த நிலையில் வந்த பட்டியல்: 2க்கு 34. 10க்கு 26. 12க்கு 24. 14க்கு 22. 16க்கு 20. 18க்கு 18.

“அண்ணே, கூட்டினா எல்லாம் 36 வருது” என்றான் பையன்.

கணக்கு அவனுக்குத்தான் முதலில் பிடிபட்டது. கிரவுண்ட் எல்லாம் கிரவுண்டில்தான் நிற்கிறது. அதனால் விளக்கு எரிந்துகொண்டிருக்கவில்லை. ஆனால் இரட்டைப்படை வரிசை முழுவதும் தலைகீழாகிவிட்டது, நடுவில் உள்ள 18 மட்டும் தன் இடத்தில். டிரைவைக் கூப்பிடும் 12ஆம் ஊசிக்கு எக்ஸ்டியில் இருந்து வந்துகொண்டிருந்தது ‘எழுது’ என்ற 24. எக்ஸ்டி எதையும் எழுதாத வரை டிரைவுக்குத் தன்னை யாரோ கூப்பிடுவதே கேட்காது.

காரணம்: ஊசி வரிசையைப் பலகையின் தவறான முகத்தில் ஒட்டியிருந்தேன். மேல் முகத்தில் ஒட்ட வேண்டியதைக் கீழ் முகத்தில் ஒட்டினால் இரண்டு வரிசையும் இடம் மாறும்: 1க்கு 2, 2க்கு 1. இதைக் கேபிளைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. திருப்பும்போது வரிசை மாறுவதோடு ஓட்டமும் பின்முன்னாகிவிடும். ஒரு கோணலுக்கு மேல் இன்னொரு கோணல். இந்த நோயின் அடையாளம் இதுதான்: ஒரு பக்கம் மாட்டினால் அணையாத விளக்கு, மறுபக்கம் மாட்டினால் ஊமை. வெறும் தலைகீழ் என்றால் ஒரு பக்கமாவது வேலை செய்யும்.

34 ஊசியையும் ஒன்றாகக் கழற்ற முயன்றால் பலகையின் செப்புத் தடமும் சேர்ந்து பெயர்ந்துவிடும். ஆகவே ஊசிகளைப் பிடித்திருந்த கருப்பு பிளாஸ்டிக்கை வெட்டுக்குறட்டால் நறுக்கி எடுத்துவிட்டு, அயனால் சூடாக்கி ஒவ்வொரு ஊசியாகச் சாமணத்தால் இழுத்தேன். துளைகளில் மிஞ்சிய ஈயத்தை உறிஞ்சினேன். புது ஊசி வரிசையை மறுமுகத்தில் ஒட்டி, மீட்டரால் 34ஐயும் பார்த்தேன். 12க்கு 12. அன்றைக்கு ஒரு பிளேன்டீ கூடுதலாகக் குடித்தேன்.

இந்த இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். அடாப்டர் என்ற பெயரைக் கேட்டதும் அது ஏதோ மொழிபெயர்த்துக் கொடுக்கும் என்று மனது நம்பிவிடுகிறது. அது பிளக்கின் உருவத்தைத்தான் மாற்றுகிறது. எந்தக் கம்பியில் என்ன பேசுகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

பி எங்கே போயிற்று?

இப்போது கம்பி சரி. டிஸ்கைப் போட்டு, பி டிரைவின் பட்டியலைக் கேட்டால், பி டிரைவுக்கான டிஸ்கைப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று டாஸ் பதில் சொன்னது. அழுத்தினால் ஏ டிரைவின் விளக்கு எரிந்தது. கிளாக்கரய்யா சிரித்தார். “ஆபிஸ்லயும் இப்பிடித்தான் தம்பி கேக்கும். நாங்க ஒத்த டிரைவுலதான் மாத்தி மாத்திப் போடுவோம்.”

அவர் சொன்னதிலேயே விடை இருந்தது. ஒரே டிரைவ் என்று கம்பியூட்டர் நம்பினால், டாஸ் அதே டிரைவுக்கே ஏ, பி என்று இரண்டு பெயரும் வைத்துக்கொள்ளும். எக்ஸ்டியில் செட்டப் திரை கிடையாது. தாய்ப்பலகையில் உள்ள குட்டி சுவிட்சுகள்தான் எல்லாம். 7, 8 இரண்டும் ‘ஒன்’ என்றால் ஒரு டிரைவ். 7ஐ ‘ஓஃப்’ செய்தால் இரண்டு. ஊசி முனையால் ஒரு தட்டு. அடுத்த முறை பி டிரைவ்தான் எரிந்தது.

எரிந்ததோடு, ஃபோர்மட்டும் ஆயிற்று. ஆனால் முடிவில் திரையில் வந்த மொத்த இடம் 3,62,496 பைட். எக்ஸ்டியின் பயாஸ் (சுவிட்சைப் போட்டதும் முதலில் ஓடும், உள்ளேயே பதித்த நிரல்) பிறந்தபோது 3.5 டிரைவ் என்று ஒன்று பிசி உலகில் இல்லை. பி இடத்தில் இருப்பதும் தன் பழைய நண்பனான 40 தடத்து 360 கே டிரைவ்தான் என்று அது நினைத்துக்கொண்டு, 80 தடத்தில் முதல் 40ஐ மட்டும் பயன்படுத்திவிட்டு நின்றுவிட்டது. எக்ஸ்டிக்குள் இது பிழையில்லாமல் ஓடும். ஆனால் வெளி உலகில், குறிப்பாக யூஎஸ்பி டிரைவுகளில், இந்த விசித்திர டிஸ்க் செல்லாது.

டாஸ் 3.2இல் இருந்தே இதற்கு ஒரு வழி உண்டு: டிரைவர்.சிஸ் என்ற துணைநிரல். டாஸ் தொடங்கும்போது வாசிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் அதை ஒரு வரியாகச் சேர்த்து, டி:1 என்று இரண்டாம் டிரைவையும், எஃப்:2 என்று 720 கே வகையையும் குறிப்பிட வேண்டும். சி என்ற தெரிவைச் சேர்க்கக் கூடாது. அது டிஸ்க் மாற்றப்பட்டதை 34ஆம் கம்பி வழியாக அறியும் கம்பியூட்டர்களுக்கானது. எக்ஸ்டி அந்தக் கம்பியைக் காதில் வாங்குவதில்லை. மறுபடி தொடங்கியதும் டி என்று ஒரு புதிய டிரைவ் எழுத்து முளைத்தது. ஒரே பெட்டி, பி என்று கூப்பிட்டால் 360 கே, டி என்று கூப்பிட்டால் 720 கே. டி வழியாக ஃபோர்மட் செய்தபோது 7,30,112 பைட்.

1.44 டிரைவில் ஏன் 720 மட்டும் என்று பையன் கேட்டான். டிரைவ் நிமிடத்துக்கு 300 சுற்று, நொடிக்கு 5. எக்ஸ்டியின் கன்ட்ரோலர் நொடிக்கு 2,50,000 பிட்டுக்கு மேல் தராது. ஒரு சுற்றுக்கு 50,000 பிட், அதாவது 6,250 பைட். அதில் இடைவெளியும் அடையாளங்களும் போக 512 பைட் செக்டர் (தடத்தின் ஒரு துண்டு) 9தான் கொள்ளும். 1.44க்கு 18 செக்டர் வேண்டும், அதற்கு இரட்டிப்பு வேகம் வேண்டும். அதற்கெனத் தனி பயாஸோடு வரும் 8 பிட் கன்ட்ரோலர் அட்டைகள் உண்டு. நமக்குத் தேவைப்படவில்லை.

ஓட்டையும் டேப்பும்

720 கே டிஸ்குகள் என்னிடம் இல்லை. இருந்தவை எல்லாம் 1.44. சோனியே தன் 3.5 டிஸ்க் விற்பனையை 2011இல் நிறுத்திவிட்டது. மிச்சம் அலுமாரிகளில் கிடப்பதுதான். 1.44 டிஸ்கில் எழுதுதடைச் சாளரத்துக்கு எதிர் ஓரத்தில் இன்னொரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையைக் கண்டால் டிரைவ் அதிக அடர்த்தி முறைக்கு மாறிவிடும். கன்ட்ரோலரோ குறைந்த அடர்த்தியில் பேசிக்கொண்டிருக்கும். ஓட்டையை ஒளி ஊடுருவாத டேப்பால் இருபுறமும் மூடினால் சண்டை தீர்ந்தது. 3.5 டிஸ்குகளில் இரண்டு வகைக் காந்தப் பூச்சுக்கும் வித்தியாசம் பெரிதல்ல, அதனால் இது நடக்கிறது. 5.25இல் இந்த வித்தை பலிக்காது. அங்கே வித்தியாசம் அதிகம். டேப் ஒட்டிய டிஸ்கை ஒரு மேசையில் இருந்து அடுத்த மேசைக்குக் கொண்டுபோகத்தான் நம்பலாம். அதில் எதையும் சேமித்துவைக்காதீர்கள். வாசிக்கும் பக்கத்திலும் டேப்பைக் கழற்றக் கூடாது.

பன்னிரண்டு டிஸ்கை ஃபோர்மட் செய்ததில் மூன்றுதான் பழுதில்லாமல் வந்தன. மற்றவை மலைக் காற்றின் ஈரத்துக்குப் பலி.

கோப்புகள் டிபேஸ் என்ற பழைய தரவுத்தள நிரலின் வகை. கிளாக்கரய்யா ஒழுங்கான மனிதர்: தோட்டத்துக்கு 600 செக்ரோல் இலக்கம் என்று வைத்து, ஆளில்லாத இலக்கத்தையும் வெற்றாக விட்டிருந்தார். ஆகவே எல்லா மாதக் கோப்பும் ஒரே அளவு, 1,21,282 பைட். 720 கே டிஸ்கில் இடம் 1,024 பைட் துண்டுகளாகக் கிடைக்கும். ஒரு மாதத்துக்கு 119 துண்டு. டிஸ்கில் இருப்பது 713. ஆறு மாதத்துக்கு 714 வேண்டும். ஒரே ஒரு துண்டு இடிக்கிறது. ஒரு டிஸ்குக்கு ஆறு மாதம், ஆறு டிஸ்க் என்று நான் போட்ட கணக்கு கெட்டு, ஐந்து மாதமாக எட்டு நடை நடக்க வேண்டியதாயிற்று. மூன்று டிஸ்கை வைத்துக்கொண்டு எழுதி, பென்டியத்துக்குக் கொண்டுபோய், பிரதி எடுத்து, ஒப்பிட்டுப் பார்த்து, அழித்து, திரும்ப எக்ஸ்டிக்கு. நடந்தது பையன்தான்.

36 கோப்பில் 35 சுத்தமாக வந்தன. 1994 ஜூன் மட்டும் ஹார்ட் டிஸ்கிலேயே ஒரு இடத்தில் வாசிக்க மறுத்தது. மறுநாள் ஒரு மணி நேரம் சூடேறவிட்டு முயன்றபோது வந்துவிட்டது.

மற்றக் கம்பியூட்டர்களில்

எக்ஸ்டிக்குச் சொன்னதை அப்படியே மற்றதற்குப் போடாதீர்கள். அடாரி எஸ்டி தன் டிரைவை 10ஆம் கம்பியில் கூப்பிடும். பிசி டிரைவோ 12இல் காது வைத்திருக்கும், ஆகவே அந்த இரண்டையும் மாற்றிய கேபிள் வேண்டும். அமிகா 2ஆம் கம்பியில் ‘டிஸ்க் மாறியது’ என்பதையும், 34இல் ‘தயார்’ என்பதையும் எதிர்பார்க்கும். பிசி டிரைவ் 34இல் தருவதே ‘டிஸ்க் மாறியது’ என்பதைத்தான். அங்கே வெறும் கேபிள் போதாது, டிரைவுக்குள்ளும் கை வைக்க வேண்டும். கொமடோர் 64இன் 1541 டிரைவுக்குள் தனி புரொசெசரே உண்டு, அதோடு சீரியல் கேபிளில் பேச வேண்டும். பிசி டிரைவுக்கு அங்கே இடமே இல்லை. பிளொப்பிக்குப் பதில் யூஎஸ்பி குச்சி சொருகும் கோடெக் பெட்டியை வாங்கினாலும் 10ஆ 12ஆ என்ற கேள்வி தீராது. அதை ஜம்பரில் அமைக்கலாம் என்பது மட்டும் ஆறுதல்.

பதினோராம் நாள் கிளாக்கரய்யா வந்தார். பென்டியத்தில் அந்த அம்மாவின் இலக்கத்தை மட்டும் வடிகட்டி, 36 மாதத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலை வைத்து வரிவரியாக வாசித்தார். மாதம் மாதமாக ஒரே ஈபிஎஃப் இலக்கம். பெயர் 1994 ஏப்ரல் வரை ஒரு மாதிரி, மே முதல் இன்னொரு மாதிரி.

“நான்தான் மாத்தினேன்” என்றார். “புதுசா அடையாள அட்டை கொண்டுவந்து காட்டிச்சு. இங்க திருத்தினேன். அங்க எழுதி அனுப்பினேனா இல்லையான்னுதான் ஞாபகம் இல்ல.”

எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுத் தரட்டுமா, டிஸ்கிலும் ஒன்று வேண்டுமா என்று கேட்டேன்.

“அதெல்லாம் நீங்களே வச்சிருங்க தம்பி. எனக்கு அந்த அம்மாவோடத பேப்பர்ல அடிச்சுக் குடுங்க.”

மூன்று தாள். மடிக்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, கம்பளிக்குள் எக்ஸ்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். 3.5 டிரைவை உள்ளேயே விட்டிருக்கிறேன். அடாப்டர் பலகையின் மேல் முகத்தில் வெள்ளை மையால் ‘மேல்’ என்று எழுதியிருக்கிறேன்.